ஆட்டுத் தட்டு

அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர்களில் சுப்புராஜைப் போலக் கண் கலங்காத மனிதர் இன்னொருவர் இருந்ததில்லை. அவருடைய கமிஷன் கடையில் மூடை அவிழ்த்துக் கொட்டினால் வண்டிக்காரர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள். மதுரையிலிருந்து கொள்முதலுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே விலை பேசிவிட்டுப் போவார்கள். சுப்புராஜ் மட்டும் உள்ளே, குவித்த வத்தலுக்கு நடுவில், பூக்கடையில் உட்கார்ந்திருப்பவரைப் போல உட்கார்ந்திருப்பார். தும்மல்கூடக் கிடையாது. சொந்த அப்பா இறந்தபோதும் அந்தக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை என்று உறவில் பலருக்கு மனக்குறை. வத்தல் நெடி அவர் கண்ணீரையெல்லாம் இளவயதிலேயே வாங்கித் தீர்த்துவிட்டது என்று அவருடைய மனைவி சரஸ்வதி கேட்டவர்களுக்கெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கண் கலங்கியது அறுபத்தைந்தாம் வருஷத்துப் பங்குனிப் பொங்கலில். கோயில் வாசலில் பந்தல் போட்டு, கருங்குளம் சிவனணைந்தான் என்கிற பாட்டுக்காரரைக் கூட்டிவந்திருந்தார்கள். ஒல்லியான ஆள். கூட ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக்கு, அவ்வளவுதான். குரலும் ஒன்றும் தேன் குரல் இல்லை. வெயிலில் காய்ந்த பனை ஓலையை இழுத்தால் வருகிற சத்தம்தான் அதில் பாதி. ஆனால் அவர் சாமியைக் கூப்பிட்டால், பக்கத்து வீட்டில் இருக்கிற ஒருவரிடம் உரிமையோடு சண்டை பிடிப்பதுபோல இருக்கும். செத்துப்போன தாயைப் பற்றி அவர் பாட ஆரம்பித்ததும் சுப்புராஜ் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ராஜகுரு திரும்பிப் பார்த்தான். அண்ணன் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, வத்தல் நெடியா?"

"ஆமா."

"இங்க ஏதுண்ணே வத்தல்?"

"வாயை மூடிட்டுக் கேளுலே."

ராஜகுருவும் அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கல்யாண வீட்டில் பெண் புறப்படும்போதும் அழுகிறவன். அதனால் அவன் கண்ணீரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வாரமே சுப்புராஜ் மதுரைக்குப் போய் ஒரு ரிக்கார்டு பிளேயர் வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டி வந்துவிட்டது; போட்டுக் கேட்கத் தட்டு இல்லை. சிவனணைந்தான் அதுவரை ஒரு தட்டும் கொடுத்திருக்கவில்லை. வேறு யார் தட்டையும் அந்தப் பெட்டியில் வைக்க சுப்புராஜுக்கு மனம் வரவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலே அது துணி மூடிச் சும்மாவே கிடந்தது. பிறகு முதல் தட்டு வந்தது. அப்புறம் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒன்றாக மொத்தம் ஐந்து வந்தன.

அவற்றின் பேர் உறையில் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. உறையில் இருக்கிற படத்தை வைத்தே பேர் வைத்தார்கள். தோளில் துண்டோடு இருப்பது துண்டுத் தட்டு. கோபுரத்துக்கு முன்னால் நிற்பது கோபுரத் தட்டு. யாரோ சொன்னதைக் கேட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்பது கண்ணாடித் தட்டு. ஆர்மோனியம் மட்டும் இருப்பது பெட்டித் தட்டு. ஐந்தாவதுதான் ஆட்டுத் தட்டு. ஏதோ ஒரு மண்டபத்து வாசலில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். படம் எடுக்கிற நேரத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்து நின்றிருக்கிறது. படமெடுத்தவர் என்ன செய்தாரோ, சிவனணைந்தான் கலங்கலாகவும் ஆடு வெகு தெளிவாகவும் விழுந்திருந்தன.

பாட்டுப் பதிந்ததும் அதே மண்டபத்தில்தான் போலிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், தாயைப் பற்றிய அந்தப் பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில், "ம்மே" என்று ஒரு ஆடு கத்தும். சிவனணைந்தான் ஒரு மூச்சு நிறுத்துவார். லேசாகச் சிரிப்பது கேட்கும். பிறகு ஆடு விட்ட அதே சுருதியைப் பிடித்து, அங்கிருந்தே "அம்மா" என்று எடுப்பார். அழுதுகொண்டிருந்தவன் சிரித்து, சிரித்தவன் மறுபடி அழப் போகிற அந்த இடம் வரும்போது சுப்புராஜ் கையிலிருக்கிற விசிறியைக் கீழே வைத்துவிடுவார். ஐந்திலும் அவருக்கு உயிர் அதுதான். ஆனால் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எது நல்ல தட்டு என்று யாராவது கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவார். நல்ல சரக்கு எது என்று வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது கமிஷன் கடைக்காரர்களுக்குக் கூடப்பிறந்த குணம். ராஜகுருவோ வாரத்துக்கு ஒரு தட்டை "இதுதாண்ணே தட்டு" என்பான். அதனால் அவன் சொல்வதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணனும் தம்பியும் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அடுப்படியில் பாத்திரம் உருட்டக் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது. சரஸ்வதியும் ராஜகுருவின் மனைவி கஸ்தூரியும் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டுகள் முடிகிறவரை காத்திருப்பார்கள்.

எழுபத்து மூன்றில் பாகம் பிரிக்க வேண்டி வந்தது. சண்டை ஒன்றுமில்லை. தூத்துக்குடி ரோட்டில் லாரிப் போக்குவரத்து பெருகியது. பந்தல்குடியில் குடும்பத்துக்குச் சரக்கு அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கியும் ரோட்டை ஒட்டி ஒரு கடையும் இருந்தன. அங்கே போய்த் தனியாக வியாபாரம் செய்ய ராஜகுரு ஆசைப்பட்டான். சுப்புராஜும் சரி என்றார். பிரித்துக் கொடுக்க, நரிக்குடியிலிருந்து தாய்மாமன் அருஞ்சுனையை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அருஞ்சுனை மாமா பலசரக்குக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஆடு வளர்ப்பில் இறங்கியிருந்தார். ஆட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவருக்கு இப்போது முக்கியமில்லை. பாரபட்சம் பார்க்காமல் பாகம் பிரிக்க அப்படிப்பட்ட ஆள்தானே வேண்டும்?

எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணன் பங்கு வைக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். சுப்புராஜுக்கு அதுதான் கவலை. வீடும் கிட்டங்கியும் எப்படியும் போகட்டும். ஆட்டுத் தட்டை எந்தப் பங்கில் வைத்தாலும், தம்பி அந்தப் பங்கைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பாகத்துக்கு முந்தின ஞாயிறுகளில் ஆட்டுத் தட்டு ஓடும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார்.

"என்னமோ, கேக்கக் கேக்க இது சலிச்சுப் போச்சு குரு. நடுவுல ஆடு வேற கத்தித் தொலைக்குது."

ராஜகுரு ஒரு கணம் திகைத்தான். அவனுக்கும் ஐந்தில் உயிர் ஆட்டுத் தட்டுதான். வாரத்துக்கு ஒன்றைப் புகழ்ந்ததெல்லாம் வாய்ப்பேச்சு. தனக்கு எது வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டால் அதை மட்டும் ஒற்றையாக ஒரு பங்கில் வைத்து, மற்ற நான்கையும் அடுத்த பங்கில் வைத்துவிடுவார் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அண்ணனின் வியாபாரப் புத்தி அவனுக்குத் தெரியும். அதனால் அவனும் தலையை ஆட்டினான்.

"ஆமாண்ணே. பாட்டுக் கேக்கோமா, ஆட்டுக் கெடைக்கு நடுவுல உக்காந்திருக்கோமான்னே தெரியலை."

இருவரும் மாறி மாறி அந்தத் தட்டைத் திட்டினார்கள். திட்டத் திட்ட இருவருக்கும் நம்பிக்கை கூடியது.

பாக நாளன்று மாமா காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடும் வத்தல் கடையும் அண்ணனுக்கு. கிட்டங்கியும் பந்தல்குடிக் கடையும் தம்பிக்கு. கரிசல் காட்டில் ஆளுக்குப் பாதி. பித்தளை அண்டாவுக்குச் சரஸ்வதியும் கஸ்தூரியும் "நீ வச்சுக்க", "நீங்க வச்சுக்கங்கக்கா" என்று மல்லுக்கட்டினார்கள். பிறகு சுப்புராஜ் தட்டுகளை எடுத்துவந்து தரையில் வைத்தார். துண்டும் கோபுரமும் ஒரு பக்கம். கண்ணாடியும் பெட்டியும் ஒரு பக்கம். ஆட்டுத் தட்டு நடுவில்.

"இது ஒத்தையா நிக்குது மாமா. குருவே எடுத்துக்கட்டும்" என்றார். தம்பி வேண்டாம் என்பான் என்று அவருக்கு நிச்சயம்.

"எனக்கெதுக்குண்ணே? நீங்களே வச்சுக்கங்க." அண்ணனும் வேண்டாம் என்பார், இரண்டாவது தடவை கொடுக்கும்போது போனால் போகிறது என்று வாங்கிக்கொள்ளலாம் என்பது ராஜகுருவின் நினைப்பு.

"எனக்கு வேண்டாம்ப்பா. எனக்குத்தான் அது பிடிக்கலைன்னு உனக்கே தெரியுமே."

"எனக்கு மட்டும் பிடிக்குதாக்கும்?"

மாமா இருவரையும் பார்த்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்து உறையைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத வெளிச்சம் அப்போது வந்தது.

"ஏலே, இந்த ஆட்டைப் பாருங்கடா! கறுப்புன்னா கறுப்பு. மூஞ்சியில ரெண்டு வெள்ளைக் கோடு நூல் புடிச்சாப்புல எறங்கியிருக்கு. அசல் பால்கன்னி ரகம்டா இது. பின்னாடி கலங்கலா நிக்கிறது யாரு, மேய்க்கிறவனா?"

"அவுகதான் மாமா பாட்டுக்காரவுக" என்றான் ராஜகுரு பலவீனமாக.

"யாரா இருந்தா என்ன? ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா நான் கொண்டுபோறேன். பாகம் பிரிச்ச மாமனுக்கு ஒரு மரியாதை வேணுமில்ல?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான். வேண்டும் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. மாமா தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ராஜகுரு குடும்பம் பந்தல்குடிக் கடையின் பின்கட்டுக்குக் குடிபோனது. கஸ்தூரி கண்ணாடியையும் பெட்டியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னதால் அந்தப் பங்கு அவனுக்குப் போயிற்று. போன கையோடு அவனும் ஒரு புதுப் பிளேயர் வாங்கிக்கொண்டான். ஆனால் இரண்டு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சரியில்லாமல் போயிற்று. சுப்புராஜ் துண்டுத் தட்டைப் போடுவார், பாதியில் நிறுத்துவார். கோபுரத்தைப் போடுவார், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார்.

"என்ன, நெஞ்செரிச்சலா?" என்று கேட்டாள் சரஸ்வதி.

"மாமாவைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார் சுப்புராஜ். மாமா வந்து போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் திருச்சுழியில் நரிக்குடி பஸ்ஸுக்கு அவர் காத்து நின்றபோது, கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு ராஜகுரு எதிரே வந்தான். இருவருக்கும் முகம் வெளுத்தது.

"எங்கலே இந்தப் பக்கம்?"

"நரிக்குடிக்குண்ணே. மாமாகிட்ட ஆடு ஒண்ணு வாங்கலாம்னு. கஸ்தூரி ஆட்டுப்பால் வேணும்னா. நீங்க?"

வத்தல் விலையையும் ஆட்டுத் தட்டையும் தவிர வேறு எதிலும் பொய் சொல்லிப் பழக்கமில்லாத சுப்புராஜ், "நானும் ஆடுதான்" என்றார்.

மாமாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உடன்பிறந்தாள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி வந்துவிட்டது என்று, வந்தவர்களை உட்காரக்கூட விடாமல் வெயிலில் பட்டிக்குள் கூட்டிப்போய் ஒவ்வொரு ஆட்டின் தாய், பாட்டி வரை சொல்லி விளக்கினார். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுப் பக்கமாகக் கண்ணை விட்டார்கள். ஒருவழியாக உள்ளே போனதும் பார்த்தார்கள். சாமி படங்களுக்கு நடுவே ஆட்டுத் தட்டின் உறை ஆணியில் தொங்கியது. ஆட்டின் நெற்றியில் குங்குமப் பொட்டு. சிவனணைந்தானுக்கு ஒன்றுமில்லை.

"உள்ள ஒரு கறுப்புத் தட்டு இருக்குமே மாமா?" என்று ராஜகுரு கேட்டான்.

"அது எதுக்கு? அத்தைகிட்ட கேளு."

மாமாவின் மனைவி சங்கரம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "உப்புப் பானைக்கு மூடியாப் போட்டிருக்கேன் மாப்ளே. அச்சு எடுத்தாப்புல பொருந்திருச்சு. நடுவுல ஓட்டை விழுந்ததைத்தான் கொடுத்தனுப்பியிருக்கீக போல, பரவால்ல."

அப்போதும் தட்டு வேண்டும் என்று ஒருவர் முன்னால் ஒருவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் என்றார். கடைசி சீட்டுக்கு முன்னால் ஆடுகளை நிறுத்திவிட்டு இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேல். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதிர்ச்சியில் சுப்புராஜின் ஆடு கத்தியது.

"ம்மே..."

ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் அதே சுருதியில், ஒரே நேரத்தில், அண்ணனும் தம்பியும் வாய்விட்டு "அம்மா" என்று எடுத்தார்கள்.

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏலே, உனக்கும் அதுதானா?"

"அண்ணே, நீங்க சலிச்சுப் போச்சுன்னீகளே!"

"கெடைக்கு நடுவுல உக்காந்தாப்புல இருக்குன்னு நீ சொல்லலை?"

"நீங்க சொன்னதுனாலதான் நான் சொன்னேன்!"

"எந்திரிலே. கண்டக்டர், நிப்பாட்டுங்க, இறங்கணும்!"

நடுக்காட்டில் ஆடுகளோடு இறங்கினார்கள். கண்டக்டர் அவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசிலடித்தார். வந்த வழியே இருவரும் நரிக்குடியை நோக்கி நடந்தார்கள். ஆடுகள் வழியெல்லாம் கருவேல நெற்றுக்கு நின்று நின்று வந்தன. சுப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தார். ராஜகுரு சிரித்துக்கொண்டே வந்தான். கொஞ்ச தூரம் போனதும் அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆடு சரியில்லையா?" என்று பதறினார் மாமா. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் புரியவே வெகு நேரமாயிற்று. ஓர் ஆட்டுக் கத்தலைக் கேட்க ஆடே வாங்கியவர்கள் தட்டை ஏன் தேடுகிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உறையைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். சங்கரம்மாள் உப்புப் பானைக்கு ஓர் ஓட்டைவிழாத மூடி வேண்டும் என்றார். வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்து தட்டை மீட்டார்கள்.

அருப்புக்கோட்டைக்கு வந்து, ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, காயவைத்து, பெட்டியில் போட்டார்கள். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் முதலிலிருந்து கடைசிவரை கூடவே வந்தது. தட்டு ஓரத்தில் கொஞ்சம் நெளிந்திருந்ததால் சிவனணைந்தான் வண்டியில் போய்க்கொண்டே பாடுவதுபோல இருந்தது. ஆனால் ஆடு வந்தது. சிரிப்பு வந்தது. சுப்புராஜ் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் ராஜகுரு, "நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று தொடங்கினான்.

"பேசாம இரு. இப்படி மாத்தி மாத்தி மரியாதை பண்ணித்தான் அது உப்புப் பானைக்குப் போச்சு. எனக்கு வேணும். உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்ண்ணே."

வளர்பிறைக்கு அண்ணன் வீட்டிலும் தேய்பிறைக்குத் தம்பி வீட்டிலும் என்று முடிவு செய்தார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் யாராவது ஒருவர் துணிப்பையில் தட்டை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஆடுகளையும் திருப்பிக் கொடுக்கவில்லை. சுப்புராஜின் ஆடு வத்தல் கடைக்குள் ஒரு தடவை புகுந்து, நாள் பூராவும் தும்மிவிட்டு, அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கே வரவில்லை.

அடுத்த வருஷம் ஒரு தேய்பிறை ஞாயிறு. ஆட்டுத் தட்டு பந்தல்குடியில் இருந்தது. சுப்புராஜ் கோபுரத் தட்டைப் போட்டுவிட்டு, சுவாரசியமில்லாமல் சரஸ்வதியிடம் பேச்சுக் கொடுத்தார். பாகம் பிரித்துத் தம்பி போன பிறகு அவர் வீட்டில் பேச ஆரம்பித்திருந்தார்.

"ஆட்டுத் தட்டு இல்லைன்னா நமக்கு வீடே என்னமோ மாதிரி இருக்கு, இல்ல?"

"உங்களுக்கு" என்றாள் சரஸ்வதி.

"உனக்கு?"

"எனக்குக் கண்ணாடித் தட்டு."

சுப்புராஜ் பிளேயரை நிறுத்தினார். "நீ எங்க கேட்ட அதை?"

"அடுப்படிச் சுவர்ல சாஞ்சுக்கிட்டுத்தான். வருஷக்கணக்கா கேட்டிருக்கேன். அதுல மூணாவதா ஒரு பாட்டு வரும். புருசனைக் கடலுக்கு அனுப்பிட்டு ஒருத்தி பாடுறாப்புல. அது முடியிற வரைக்கும் நானும் கஸ்தூரியும் மூச்சு விட மாட்டோம். பாகத்துல அது அவ பக்கம் போயிருச்சு. அவதான் சொல்லி எடுக்கவச்சா. கெட்டிக்காரி."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே சுப்புராஜ் பந்தல்குடிக்குப் போய், சுற்றி வளைக்காமல் தம்பியிடம் கேட்டார். ராஜகுரு உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"கஸ்தூரி தர மாட்டேங்காண்ணே. துண்டு, கோபுரம் ரெண்டையும் சேத்துக் குடுத்தாலும் தர மாட்டாளாம். வேணும்னா மதினியை இங்க வந்து உக்காந்து கேக்கச் சொல்றா."

சரஸ்வதி மறு ஞாயிறு காலையிலேயே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறினாள். சுப்புராஜ் பழைய சோற்றைப் பிழிந்து சாப்பிட்டுவிட்டு, தட்டுப் போட்டுப் பார்த்து, மனம் ஒட்டாமல் மத்தியானம் அவரும் கிளம்பினார். பந்தல்குடிக் கடை வாசலில் ராஜகுரு டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள போகாதீக" என்றான் தணிந்த குரலில். "என்னையும் வெளிய அனுப்பிட்டாக."

சுப்புராஜ் கதவை லேசாகத் தள்ளினார். பெட்டிக்கு முன்னால் சரஸ்வதியும் கஸ்தூரியும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். சரஸ்வதி கண்ணை மூடியிருந்தாள். கஸ்தூரி திரும்பிப் பார்த்து, அவர் வாய் திறப்பதற்குள் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சுப்புராஜ் ரோட்டில் இறங்கி, இரண்டு கையையும் தூக்கி, ஹாரன் அடிக்காதே என்று டிரைவருக்குச் சைகை காட்டினார்.